"சாமி படம்தானே, பிள்ளைகளும் பாக்கலாம்தானே?"

கேள்வி: குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு மீனவ ஊர் எங்களுடையது. இந்தத் தவக்காலத்தில் எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு) 'சைலன்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தைக் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து பார்க்கலாம் என்று பேசியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு டிவி பெரியது என்பதால் இங்கேயே வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு மகள் (14), மகன் (9). மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போயிருந்த என் கணவரின் தம்பி திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதே புயலில் வேறொரு போட்டில் இருந்த என் கணவர் லட்சத்தீவில் கரையேறி வீடு வந்தார். இப்போதும் தொழிலுக்குப் போகிறார். ஆனால் அந்த நாட்களைப் பற்றி இன்றுவரை வாய் திறந்ததில்லை. போன வருடம் மகள் பாட்டியிடம், "சித்தப்பா தண்ணியில கிடந்தப்போ சாமி எங்க போயிருந்தார்?" என்று கேட்டுவிட்டாள். மாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மறைக்கல்வி டீச்சர் இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னதிலிருந்து மகளுக்கு அதே நினைப்பு. "ஆபாசம் ஒண்ணும் இல்ல, சாமி படம்தானே, பிள்ளைகளும் பாக்கலாம்தானே?" என்கிறார்கள். பார்க்கலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். மகன் பார்க்க வேண்டாம். மகள் பார்க்கலாம், ஆனால் அன்பியக் கூட்டத்தில் இல்லை, உங்களோடு தனியாக. மாமியாரும் கணவரும் பார்க்கலாமா என்பதை நானோ நீங்களோ முடிவு செய்யக் கூடாது. அவர்களே முடிவு செய்யட்டும், ஆனால் படத்தில் என்ன வருகிறது என்று அதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் கூட்டம் கூட்டித் திரையிடுவதற்கு மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

படம் மோசம் என்பதால் இதைச் சொல்லவில்லை. விசுவாசத்தைப் பற்றி நான் பார்த்த படங்களில் மிக நேர்மையான ஒன்று அது. ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் சூசாகு எண்டோ 1966-இல் எழுதிய நாவலை, மார்ட்டின் ஸ்கார்செஸி கால் நூற்றாண்டுக்கு மேல் மனதில் சுமந்திருந்து 2016-இல் படமாக்கினார். 17-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய வேதகலாபனை உச்சத்தில் இருந்த காலம். தங்கள் குரு விசுவாசத்தை மறுதலித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, அதை நம்ப முடியாமல் இரண்டு இளம் இயேசு சபைக் குருக்கள் அவரைத் தேடிப் போகிறார்கள். அங்கே மறைந்து வாழும் ஏழைக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் உங்களைப் போலக் கடலோரத்து மக்கள்.

கதை உங்களுக்குத் தூரத்துக் கதையும் அல்ல. 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கி அங்கே முதலில் வேதம் போதித்தவர் கோட்டாற்றில் நாம் திருவிழா எடுக்கிற அதே சவேரியார்தான். ஜப்பானுக்குப் போகுமுன் 1542 முதல் முத்துக்குளித்துறையிலும், பிறகு உங்கள் கடற்கரையிலும் நடந்து திரிந்து ஞானஸ்நானம் கொடுத்தவர். உங்கள் முன்னோர் தலையில் தண்ணீர் ஊற்றிய கை விதைத்த சபைதான் படத்தில் வதைபடுகிறது. ஒக்கி அடித்த நவம்பர் 30-ம் கோட்டாற்றுத் திருவிழா நாட்களுக்குள்தான் வந்தது. இதெல்லாம் உங்கள் வீட்டில் யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நான் பயப்படுகிற இடத்தைச் சொல்கிறேன். படத்தின் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேரைக் கடலில் நட்ட சிலுவைகளில் கட்டுகிறார்கள். அலை ஏற ஏற அவர்கள் முகத்தில் அறைகிறது. ஊர் மக்கள் கரையில் நின்று பார்க்க வேண்டும், கிட்டே போகக் கூடாது. மோகிச்சி என்பவர் உயிர் போக நான்கு நாட்கள் ஆகின்றன. கடைசியில் அவர் பலவீனமான குரலில் ஒரு ஞானப்பாட்டுப் பாடுகிறார். கிறிஸ்தவ அடக்கம் கிடைத்துவிடக் கூடாது என்று உடலையும் எரித்துவிடுகிறார்கள். பாதிக்கு மேல் இன்னொரு கடல் காட்சி வருகிறது. விசுவாசிகளைப் பாயில் சுருட்டிக் கட்டிப் படகிலிருந்து தள்ளுகிறார்கள், காப்பாற்ற நீந்திப் போன குருவும் மூழ்கிப் போகிறார். இவை நடக்கும்போது கடவுள் ஏன் பேசாமல் இருக்கிறார் என்பதுதான் படம் முழுக்கக் கேட்கப்படுகிற கேள்வி. தலைப்பே அதுதான்.

கடலில் ஒரு பிள்ளையைக் கொடுத்த தாய், உடல் கிடைக்காத தாய், பக்கத்து வீட்டார் இருபது பேர் சுற்றி உட்கார்ந்திருக்க இதை முன்னறிவிப்பே இல்லாமல் பார்ப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வசனம் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் இருக்கிறது. கீழே ஓடும் எழுத்தை மாமி படிக்க முடியாவிட்டால், காரணம், காலம், விளக்கம் எதுவும் அவருக்குப் போய்ச் சேராது. தண்ணீரும் மனிதர்களும் மட்டும் போய்ச் சேரும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. அலை, காற்று, பூச்சிகளின் இரைச்சல், இவ்வளவுதான். 2004 சுனாமிக்கு அடுத்த மாதங்களில் குளச்சல் பக்கம் குழந்தைகளோடு வேலை செய்தபோது நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அவர்களை உலுக்கியது பெரும்பாலும் பெரிய விஷயங்கள் அல்ல. கடலைப் பற்றிக் கதை சொன்னால் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுவன், குடத்தில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டான். அதிர்ச்சியை மனம் கதையாகச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு சத்தம், ஒரு வாசனை, தண்ணீரின் ஒரு நிறம் என்று துண்டு துண்டாக வைத்திருக்கிறது. அந்தத் துண்டு கண்ணிலோ காதிலோ பட்டவுடன் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், அந்த ஆள் மறுபடி அந்த நாளுக்கே போய்விடுவார். "இது சினிமாதானே" என்ற அறிவு அதற்குப் பிறகுதான் வரும். உங்கள் வீட்டில் டிவியின் அலைச் சத்தமும் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அலைச் சத்தமும் ஒன்றாகக் கேட்கும்.

"குடும்பத்தோட பாக்கலாமா?" என்று நம் ஊரில் கேட்டால் பெரும்பாலும் ஒரே ஒரு அர்த்தம்தான்: கூச்சப்பட வைக்கும் காட்சி இருக்கிறதா? அந்த அளவுகோலில் இந்தப் படம் சுத்தமாகத் தேறிவிடும். சான்றிதழ்கள் இன்னும் கொஞ்சம் தூரம் போகின்றன. அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' கொடுத்தார்கள், அதாவது 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் கூட வர வேண்டும். பிரிட்டனில் 15 வயதுக்கு மேல். நம் நாட்டில் 2021 முதல் ஓடிடி தளங்கள் 7+, 13+, 16+, 'ஏ' என்று பிரித்துப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. இவை உபயோகமானவை, கட்டாயம் பாருங்கள். ஆனால் எந்தக் குழுவும் படத்தில் இருக்கிற ரத்தத்தைத்தான் அளக்க முடியும். உங்கள் வீட்டு நாற்காலியில் யார் உட்காரப் போகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. உள்ளூரில் யாரையும் கடலுக்குக் கொடுக்காத ஒரு குடும்பத்துக்கு அந்தக் கடல் காட்சி சோகமான காட்சி. உங்களுக்கு அது வேறு. அதனால் இப்படிப்பட்ட படத்தைப் பற்றி யார் கேட்டாலும், "எத்தனை வயது?" என்று கேட்ட கையோடு "வீட்டில் யார், எதில் அடிபட்டிருக்கிறார்?" என்றும் கேட்பேன்.

மகனுக்கு ஏன் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்பது வயதில் சாவு என்றால் திரும்ப வராதது என்று புரிந்துவிடும். நியாயம் என்று ஒன்று இருக்கிறது, கெட்டவன் தோற்பான் என்ற நம்பிக்கையும் அதே வயதில் உறுதியாக இருக்கும். இந்தப் படத்தில் வதைப்பவர்கள் தோற்பதில்லை. சிறை முற்றத்தில் சாதாரணமாக நின்றுகொண்டிருந்த ஒருவரின் தலை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டப்பகலில் வெட்டப்படுகிறது. இசை இல்லாததால் 'ஏதோ வரப்போகிறது' என்று கண்ணைப் பொத்திக்கொள்ளக்கூட அவனுக்கு நேரம் கிடைக்காது. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. அவன் அப்பா அடுத்த வாரமும் கடலுக்குப் போகிறார். படம் முடிந்த இரவில் அவன் ஜப்பானை நினைக்க மாட்டான். அவனைத் தனியாக ஒதுக்கியதுபோலத் தோன்றாமல், அன்று உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்யுங்கள். "இது பெரியவங்க படம், நீ வளர்ந்ததும் நானே காட்டுறேன்" என்று சொன்னால் போதும்.

மகளுக்கு வருவோம். அவள் ஏற்கெனவே இந்தப் படத்தின் கேள்வியைக் கேட்டுவிட்டாள். அதற்கு வீட்டில் பதிலாகக் கிடைத்தது பாட்டியின் பட்டினி. தான் ஏதோ பாவம் செய்துவிட்டோம் என்றோ, இதை இனிக் கேட்கக் கூடாது என்றோ அவள் நினைத்திருக்கலாம். அதனால்தான் இந்தப் படத்தின் பக்கம் அவ்வளவு இழுக்கப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. தன் கேள்வியைப் பெரியவர்கள் யாரோ உரக்கக் கேட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளைத் தடுத்தால் போனில் தனியாகப் பார்ப்பாள். அது இன்னும் கெடுதல்.

முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். எல்லாரும் தூங்கிய பிறகு, ஹெட்போன் போட்டு. இரண்டு மணி 41 நிமிடப் படம், ஒரே இரவில் முடிக்க வேண்டியதில்லை. நீங்களும் கொழுந்தனை இழந்தவர்தான், கணவர் வருவாரா மாட்டாரா என்று கரையில் காத்து நின்றவர்தான். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மகளிடம் "அம்மாவால பாக்க முடியல, மக்களே" என்று உண்மையைச் சொல்வதும் ஒரு நல்ல பதில். பார்த்து முடித்தீர்கள் என்றால், மகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: ஆரம்பமே வெந்நீர் ஊற்றுச் சித்திரவதை, பிறகு கடலில் இப்படி ஒரு காட்சி, கடைசிப் பகுதியில் தலைகீழாகக் குழியில் தொங்கவிடும் வதை. கதை தெரிந்துவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும் என்று கவலைப்படாதீர்கள், இது அப்படிப்பட்ட கதை அல்ல. ரிமோட் அவள் கையில் இருக்கட்டும். இரண்டு நாளாகப் பிரித்துப் பகலில் பாருங்கள்.

அவளுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது, அதில் ரத்தம் கிடையாது. விசுவாசத்துக்காக 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது ஊரே கொண்டாடியதைப் பார்த்திருப்பாள். அவள் அறிந்த வேதசாட்சிகள் யாரும் மறுதலிப்பதில்லை. இந்தப் படத்தின் நாயகனோ, மற்றவர்களின் வதை நிற்க வேண்டும் என்பதற்காகக் கிறிஸ்துவின் உருவத்தை மிதிக்கிறார். மிதிக்கச் சொல்லும் குரல் கிறிஸ்துவுடையதாகவே அவருக்குக் கேட்கிறது. பின்னணியில் சேவல் கூவுகிறது. அது பாவமா, அன்பா என்று பெரியவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பதினாலு வயதுப் பெண் அதற்கு அன்று மாலைக்குள் விடை கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். ஜப்பானிய அதிகாரிகளையும் புத்த மடங்களையும் பார்த்து 'அந்த மதத்துக்காரர்களே இப்படித்தான்' என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ஜப்பானில் கிறிஸ்தவத்துக்கு இருந்த தடைக்குப் பின்னால் ஐரோப்பிய அரசுகளைப் பற்றிய பயம் இருந்தது. 1982-இன் மண்டைக்காட்டு மதக் கலவரத்தை மறக்காத மாவட்டம் நம்முடையது, இந்த விஷயத்தில் அசட்டையாக இருக்க நமக்கு உரிமை இல்லை.

படம் முடிந்து அவள் மறுபடி "சித்தப்பாவ ஏன் காப்பாத்தல?" என்று கேட்டால், "கடவுள் சித்தம்" என்று சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். அவள் கேள்வி பாவமில்லை என்று காட்ட உங்களிடம் ஓர் ஆதாரம் இருக்கிறது. "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று குருத்து ஞாயிறன்று கோயிலில் எல்லாரும் சேர்ந்து பதிலுரைப் பாடலாகப் பாடுகிறோமே, திருப்பாடல் 22. இயேசுவே சிலுவையில் கேட்டது அது. மாமியும் ஆண்டுதோறும் அதைப் பாடுகிறார். அதையும் தன் பேத்தி கேட்டதையும் அவர் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்.

மாமியிடம் எதையும் மறைக்க வேண்டாம். அவருக்குத் தெரியாமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தால் பாதிச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும், அது பார்ப்பதைவிடக் கொடுமை. "மாமி, பிள்ளைக்கு ஒரு படம் காட்டப் போறேன். அதுல கடல்ல ஆளுங்க சாவுற இடம் வருது. உங்கள வேண்டாம்னு சொல்லல, தெரிஞ்சு இருக்கணும்னு சொல்றேன்" என்று முந்தின நாளே சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். வருவேன் என்றால் பக்கத்தில் உட்காருங்கள், காட்சிக்கு முன்னால் நிறுத்தி என்ன நடக்கப்போகிறது என்று தமிழில் சொல்லுங்கள். துக்கப்பட்டவர்களை நாம் கண்ணாடிப் பாத்திரம் போல நடத்தி, அவர்கள் வாயையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். தன் பிள்ளையைப் பற்றிப் பேச மாமிக்கு ஓர் இடம் வேண்டியிருக்கலாம். அது இந்தப் படமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

கணவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நீங்கள் கடல் காட்சியை நினைத்துத் தயங்குவீர்கள். அவரைத் தைப்பது வேறொன்றாக இருக்கலாம். கிச்சிஜிரோ என்று ஒரு பாத்திரம் வருகிறது. தன் குடும்பத்தார் எல்லாரும் மறுதலிக்காமல் எரிக்கப்பட்டுச் சாக, மிதித்துவிட்டு உயிர் பிழைத்தவன். அதன் பிறகு குடிக்கிறான், ஓடுகிறான், காட்டிக்கொடுக்கிறான், திரும்பத் திரும்ப வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டுக் காலில் விழுகிறான். உங்கள் கணவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் கூடப் பிறந்தவன் போய், தான் மட்டும் வீடு வந்து சேர்ந்தவர்களின் மனதுக்குள் "நான் ஏன் மிஞ்சினேன்?" என்ற குற்ற உணர்வு எந்தக் காரணமும் இல்லாமலே குடியிருக்கும். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு வருடக்கணக்காக மௌனமாக இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிச்சிஜிரோவைப் பார்க்கும் பெரும்பாலானவர்களுக்கு எரிச்சல் வரும். அன்பியக் கூட்டத்தில் யாராவது "இவனெல்லாம் ஏன் உயிரோட இருக்கான்" என்று சொல்லிவிடக்கூடும். உங்கள் கணவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வார்த்தை விழக் கூடாது. உங்கள் வீட்டில் கூட்டம் வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

அன்பியத்தில் என்ன சொல்வது என்று தயங்காதீர்கள். "எங்க வீட்டுல கடல் காட்சி பாக்க முடியாதவங்க இருக்காங்க" என்று ஒரு வரி போதும். உங்கள் ஊரில் அந்த வரி பல வீடுகளுக்குப் பொருந்தும், மற்றவர்களுக்கும் ஒரு வாசல் திறந்ததுபோல் ஆகும். பெரியவர்கள் மட்டும் பங்கு மண்டபத்தில் பார்ப்பதென்றால் பார்க்கட்டும். முன்பே காட்சிகளைச் சொல்லிவிட்டு, நடுவில் இடைவேளை விட்டு, எழுந்து போக விரும்புகிறவர் யாரையும் தாண்டாமல் போகும்படி இடம் விட்டு. முடிந்ததும் "உங்க அனுபவத்தப் பகிருங்க" என்று யாரையும் எழுப்பிவிட வேண்டாம். பல வருடங்களுக்கு முன் ஒரு புனித வெள்ளியன்று பாடுகளின் படம் ஒன்றைச் சிறு பிள்ளைகளுக்கும் சேர்த்துத் திரையிட்ட இடத்தில் நானும் இருந்தேன். பக்தியோடுதான் செய்தார்கள். அழுத பிள்ளைகளைப் பார்த்து, "இயேசுவுக்காக அழுறாங்க" என்று எல்லாரும் நெகிழ்ந்தார்கள், நானும்தான். அதில் ஒரு பிள்ளை பிறகு வெகுநாள் கோயிலுக்குள் வர மறுத்தது. அன்று நான் எழுந்து விளக்கைப் போட்டிருக்க வேண்டும்.

படம் பார்த்த பிறகு சில நாட்கள் கனவு, தூக்கம் கெடுதல், வழக்கத்தைவிட அமைதி, இவையெல்லாம் வரலாம், தானாக அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, கடற்கரைப் பக்கமே போகப் பயம், சாப்பாடு இறங்கவில்லை, குடி கூடுகிறது, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

கணவரிடம் படத்தைப் பற்றி நீங்கள் சொல்லும்போது, கிச்சிஜிரோவைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்: "தப்பிச்சு வந்த ஒருத்தனோட கதையும் இதுல இருக்கு." அவர் எழுந்து வெளியே போகலாம், போகட்டும். ஒன்றும் சொல்லாமல் வந்து உட்காரலாம். பார்க்கும்போது நடுவில் எங்காவது, படத்துக்குச் சம்பந்தமே இல்லாததுபோல, அந்த போட்டைப் பற்றியோ தம்பியைப் பற்றியோ ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால், உடனே டிவியை நிறுத்திவிடுங்கள். மீதிப் படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.